பிஞ்ச்பேக் ஆளுநரானது எப்படி, 35 நாளில் அது ஏன் முடிந்தது?

அமெரிக்காவில் 1872லேயே ஒரு கறுப்பினத்தவர் மாநில ஆளுநராக இருந்தாராமே, அவர் மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவரா, அப்புறம் ஏன் ஒரே மாதத்தில் போய்விட்டார் என்று கேட்டிருக்கிறீர்கள். லூசியானாவின் பிங்க்னி பென்டன் ஸ்டூவர்ட் பிஞ்ச்பேக்கைத்தான் சொல்கிறீர்கள். முதலில் நேரடியான பதில்: ஆளுநர் பதவிக்கு அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. இருந்த ஆளுநர் மேல் குற்றச்சாட்டு வந்து அவர் ஒதுங்க நேர்ந்தபோது, மாநில செனட்டுக்குத் தலைமை வகித்தவர் என்ற முறையில் பிஞ்ச்பேக் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மிச்சமிருந்த பதவிக்காலமே 35 நாள்தான். அது முடிந்ததும் எழுந்துவிட்டார். அங்கிருந்து அவரை யாரும் விரட்டவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டதாகச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போன வேறு இரண்டு பதவிகளில்தான் அவரை உட்காரவே விடவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஆளுநரை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் குழம்பிப்போவீர்கள். அங்கே ஆளுநர்தான் மாநில அரசை நடத்துபவர், கிட்டத்தட்ட நம் முதலமைச்சர் மாதிரி. சட்டங்களில் கையெழுத்திடுவது, அதிகாரிகளை நியமிப்பது, மாநிலப் படையை அழைப்பது எல்லாம் அவர் கையில். அன்றைய லூசியானாவில் இன்னும் ஒரு படி மேலே: தேர்தல் முடிவை அறிவிக்கும் குழுவே ஆளுநரின் பிடியில் இருந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிஞ்ச்பேக் பிறந்தது 1837இல், ஜார்ஜியாவின் மேக்கன் பக்கத்தில். அப்பா வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி. அம்மா எலைசா ஸ்டூவர்ட், அவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். அப்பா இருந்தவரை வசதிக்குக் குறைவில்லை. பையனையும் அவன் அண்ணன் நெப்போலியனையும் ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டிக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். 1848இல் அவர் இறந்தார். சொத்தில் சல்லிக்காசு கிடையாது என்று அப்பா வழி உறவினர்கள் கைவிரித்தது ஒரு பக்கம். தன்னையும் பிள்ளைகளையும் பிடித்து மறுபடி அடிமைகளாக்கிவிடுவார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம். எலைசா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சின்சினாட்டிக்கே ஓடிவந்துவிட்டார். அண்ணனுக்கு மனநிலை பாதிக்கப்பட்டது. 12 வயதில் குடும்பத்துக்குச் சம்பாதிக்க வேண்டிய பொறுப்பு தம்பி தலையில் விழுந்தது.

படகில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். முதலில் கால்வாய்ப் படகு, பிறகு மிசிசிப்பி ஆற்று நீராவிக் கப்பல்கள். அங்கேதான் ஜார்ஜ் டெவால் என்ற பேர்போன சூதாடியின் கையாளானான். டெவாலின் கைவரிசை மூணு சீட்டு. நம் திருவிழாக் கூட்டத்தில் துண்டு விரித்து, எது ராணி என்று கேட்பார்களே, அதே வித்தைதான். கப்பலின் மேல் தளத்தில் டெவால் பணக்காரப் பயணிகளைக் கறந்தால், கீழே வேலைக்காரர்களிடம் பையன் அதையே செய்வான். பிற்காலத்தில் எதிரிகள் இதைச் சொல்லியே அவரைக் கிண்டலடித்தார்கள். எனக்கென்னவோ, அவருடைய அரசியலைப் புரிந்துகொள்ள இது நல்ல திறவுகோல் என்றே படுகிறது. கையில் எந்தச் சீட்டு இருக்கிறது, எதிராளி எப்போது தடுமாறுவான், எப்போது எழுந்து போய்விட வேண்டும் என்ற கணக்கு அவருக்குக் கடைசிவரை கைகொடுத்தது.

உள்நாட்டுப் போர் நடுவில், 1862இல், வடக்குப் படை பிடித்திருந்த லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தார். கறுப்பினத்தவரைக் கொண்டு படைப்பிரிவு திரட்டி அதில் கேப்டனானார். கறுப்பின அதிகாரிகளை ஓரங்கட்டுவது வழக்கமாகிவிட்டதால் 1863இல் விலகினார். அந்தக் காலத்தில் அவருடைய அக்கா எழுதிய கடிதம் ஒன்று உண்டு. பிஞ்ச்பேக் பார்க்க வெள்ளைக்காரர் மாதிரியே இருப்பார், தெரியாதவர்கள் சந்தேகப்படவே மாட்டார்கள். நீ வெள்ளைக்காரனாகவே வாழ்ந்துவிடு, இதை எல்லாம் விட்டுவிடு என்று அக்கா புத்தி சொல்கிறார். அவர் கேட்கவில்லை. நிறத்தை வைத்துத் தப்பித்திருக்கக்கூடிய ஒருவர், தப்பிக்காமல் இருந்து, அதைச் சொல்லியே ஓட்டுக் கேட்டார்.

1867இல் நாடாளுமன்றம், போரில் தோற்ற தெற்கு மாநிலங்களை ராணுவக் கண்காணிப்பில் வைத்து, கறுப்பின ஆண்களுக்கும் ஓட்டுரிமை கொடுத்து, புதிய அரசியல் சட்டம் எழுதச் சொன்னது. நியூ ஆர்லியன்ஸில் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற கட்டடத்தில் மாநாடு கூடியது. அந்தக் கட்டடத்துக்கு ஒரு முன்கதை இருக்கிறது: 1866 ஜூலை 30 அன்று கறுப்பினத்தவருக்கு ஓட்டுரிமை கேட்டு அங்கே கூடியவர்களை வெள்ளைக்காரக் கும்பலும் போலீசும் சேர்ந்து சுட்டுத் தள்ளினார்கள். பத்துக்கணக்கில் செத்தார்கள். ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, அதே இடத்தில் 98 பேர் உட்கார்ந்து அரசியல் சட்டம் எழுதினார்கள். பாதிப் பேர் கறுப்பினத்தவர். பிஞ்ச்பேக் அதில் ஒருவர்.

அவர் முன்நின்று கொண்டுவந்தது 13ஆவது பிரிவு. ரயில், கப்பல் போன்ற பொதுப் போக்குவரத்திலும், விடுதி மாதிரி உரிமம் பெற்று நடக்கும் பொது இடங்களிலும் நிறத்தை வைத்து யாரையும் வேறாக நடத்தக்கூடாது என்பது அதன் சாரம். இது நடப்பது 1868இல். அமெரிக்கா முழுவதற்கும் இப்படி ஒரு சட்டம் நிலையாக வந்தது 1964இல்தான். என்னைக் கேட்டால் பிஞ்ச்பேக்கின் பெயர் நிற்க வேண்டியது இந்தப் பிரிவோடு. அந்த 35 நாள் அதற்கு அடுத்துதான்.

சரி, இனி கோஷ்டி அரசியல்.

1868இல் ஆளுநரானவர் ஹென்றி கிளே வார்மத். இல்லினாயிலிருந்து வந்த வெள்ளைக்காரர், வயது 26ஐத் தாண்டவில்லை. கறுப்பினத்தவர் ஆதரித்த குடியரசுக் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த ஓட்டெடுப்பில், கறுப்பினச் செல்வந்தரான பிரான்சிஸ் டுமாவை 45க்கு 43 என்று இரண்டே ஓட்டில் தாண்டியவர். துணை ஆளுநரானவர் ஆஸ்கர் டன், அமெரிக்காவிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். பிஞ்ச்பேக் மாநில செனட்டுக்குப் போனார்.

வார்மத் கறுப்பினத்தவர் ஓட்டில் ஜெயித்தார், ஆனால் வெள்ளைக்காரர்களையும் வளைத்துப் போடப் பார்த்தார். 13ஆவது பிரிவை மீறுகிறவர்களுக்குத் தண்டனை தரும் மசோதா 1868இல் வந்தபோது கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அடுத்த வருடம் வேறு வடிவில் வந்ததை விட்டுக்கொடுத்தார். கட்சி இரண்டாக உடைந்தது. ஒரு பக்கம் வார்மத். எதிரே மத்திய அரசின் சுங்க அலுவலகத்தை மையமாக வைத்து இயங்கிய கூட்டம். அந்தக் கட்டடத்தின் பெயரையே வைத்து அவர்களைச் சுங்கமனைக் கோஷ்டி என்பார்கள். ஜனாதிபதி கிராண்டின் மைத்துனர் ஜேம்ஸ் கேசிதான் சுங்க வசூல் அதிகாரி, அதனால் வாஷிங்டன் ஆதரவு அங்கேதான். டன் சுங்கமனை பக்கம் சாய்ந்தார். பிஞ்ச்பேக் வார்மத்தோடு இருந்தார்.

1871 நவம்பரில் டன் திடீரென்று இறந்துபோனார். விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் கிளம்பியது, நிரூபணமாகவில்லை. துணை ஆளுநர்தான் செனட்டுக்குத் தலைமை வகிப்பவர். அந்த இடம் காலியானதும் வார்மத் அவசரமாக செனட்டைக் கூட்டினார், பிஞ்ச்பேக் 18க்கு 16 என்ற கணக்கில் தலைவரானார். ஆளுநருக்கு ஏதாவது ஆனால் அடுத்து இவர்தான். தன் ஆளைத் தானே பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டதாகத்தான் வார்மத் நினைத்திருப்பார்.

பத்து மாதத்தில் அவர் ஆள் கோஷ்டி மாறிவிட்டார். 1872இல் ஜனாதிபதி தேர்தல். கிராண்டை எதிர்த்த அணியோடு வார்மத் சேர்ந்து, மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியோடும் கைகோத்தார். அந்தக் காலத்து ஜனநாயகக் கட்சிதான் தெற்கில் வெள்ளையர் ஆதிக்கத்தின் கட்சி. அங்கே போய் பிஞ்ச்பேக்குக்கு என்ன கிடைக்கும்? சுங்கமனை கோஷ்டியோடு பேசி முடித்தார். அவர்கள் பட்டியலில் வில்லியம் பிட் கெல்லாக் ஆளுநர் வேட்பாளர், பிஞ்ச்பேக் நாடாளுமன்றப் பிரதிநிதிகள் அவைக்கு வேட்பாளர்.

இதற்கு நடுவில் ஒரு ரயில் கதை. சட்டமன்றம் நிறைவேற்றியும் வார்மத் கையெழுத்திடாமல் வைத்திருந்த மசோதாக்களில், தேர்தல் மீது அவருக்கிருந்த பிடியைத் தளர்த்தும் மசோதாவும் இருந்தது. ஆளுநர் மாநிலத்துக்கு வெளியே இருந்தால் அதிகாரம் செனட் தலைவருக்கு. அந்தச் சமயம் வார்மத்தும் பிஞ்ச்பேக்கும் நியூயார்க்கில் இருந்தார்கள். பிஞ்ச்பேக் சத்தம் போடாமல் தெற்கே போகும் ரயில் ஏறிவிட்டார். அவரைக் காணோம் என்றதும் வார்மத்துக்கு உறைத்தது. பின்னாலேயே கிளம்பினார், வழியெல்லாம் தந்தி அடித்தார், தனி ரயில் பிடித்தார். மிசிசிப்பி மாநிலத்தில் கேன்டன் என்ற சிறு ஸ்டேஷனில் ராத்திரி ரயில் நின்றது. உங்களுக்குத் தந்தி வந்திருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று பிஞ்ச்பேக்கை இறங்கவைத்தார்கள். அவர் தந்தி அலுவலகத்துக்குப் போன நேரத்தில் ரயில் போய்விட்டது. வார்மத்தின் தனி ரயில் வந்து சேரும்வரை அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. மூணு சீட்டில் பழுத்தவர் ஒரு தந்தியில் ஏமாந்தார். மசோதாவில் கையெழுத்து விழவில்லை.

நவம்பர் தேர்தல் நடந்தது. இரண்டு பக்கமும் ஜெயித்தோம் என்றார்கள். ஓட்டை எண்ணி முடிவை அறிவிக்கும் குழு ஒன்றுக்குப் பதில் ஒன்றுக்கு மேல் முளைத்தது. ஒன்று ஜனநாயகக் கட்சிக் கூட்டணியின் ஜான் மெக்கெனரிதான் ஆளுநர் என்றது, இன்னொன்று கெல்லாக் என்றது. உண்மையில் யாருக்கு அதிக ஓட்டு என்று இன்றைக்கு உட்கார்ந்து எண்ணினாலும் விடை கிடைக்காது. ஒரு பக்கம் அடித்து விரட்டிய ஓட்டு, மறுபக்கம் சேர்த்த ஓட்டு, இரண்டும் ஏராளம். டிசம்பர் 5 இரவு மத்திய அரசின் நீதிபதி எட்வர்ட் டியூரல் ஓர் உத்தரவு போட்டார். விடிவதற்குள் ராணுவம் சட்டமன்றக் கட்டடத்தைத் தன் காவலில் எடுத்துக்கொண்டது. சட்டமன்றம் அப்போது நடந்தது எங்கே தெரியுமா? அதே மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டில்.

டிசம்பர் 9 அன்று அங்கே கூடிய கீழவை, வார்மத் மேல் குற்றச்சாட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. லூசியானா அரசியல் சட்டப்படி, விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டாம், தீர்மானம் நிறைவேறிய உடனேயே ஆளுநர் வேலையை நிறுத்திவிட வேண்டும். சட்டத்தின் இந்தச் சந்து வழியாகத்தான் பிஞ்ச்பேக் உள்ளே வந்தார். முந்தின இரவு வார்மத் தன்னிடம் 50,000 டாலரும் வேண்டிய பதவிகளும் தருவதாகச் சொன்னார், நான் மறுத்துவிட்டேன் என்று பிஞ்ச்பேக் அவையிலேயே வெளிப்படையாகப் போட்டு உடைத்தார். வார்மத் மேல் விசாரணை நடந்து தீர்ப்பு வரவே இல்லை. அவர் பதவிக்காலம் தானாகவே தீர்ந்துபோனது.

உட்கார்ந்தாரே தவிர, நிம்மதியாக உட்காரவில்லை. செனட்டராக அவர் காலமே நவம்பரோடு முடிந்துவிட்டது, அப்புறம் ஏது தலைவர் பதவி என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மாநிலப் படையில் ஒரு பகுதி ஆயுதக் கிடங்கில் உட்கார்ந்துகொண்டு, இவர் உத்தரவை ஏற்க மாட்டோம் என்றது. கடைசியில் மத்திய ராணுவத்திடம்தான் அதை ஒப்படைத்தார்கள். நகரத்துப் பெரிய மனிதர்கள் நூறு பேர் வாஷிங்டனுக்குப் போய் கிராண்டிடம் முறையிடக் கிளம்பினார்கள். வந்து பிரயோஜனமில்லை என்று அங்கிருந்து முன்கூட்டியே தந்தி வந்துவிட்டது. கிராண்ட் அரசு பிஞ்ச்பேக்கை ஆளுநராக அங்கீகரித்தது.

அந்த 35 நாளில் என்ன சாதித்தார் என்று கேட்டால், பெரிதாக எதுவும் இல்லை. பத்து சட்டங்களில் கையெழுத்திட்டார், சில நியமனங்கள் செய்தார். அவருடைய வேலை கெல்லாக்கிடம் அரசை முழுசாக ஒப்படைப்பது, அவ்வளவுதான். 1873 ஜனவரி 13 அன்று ஒப்படைத்தார். மெக்கெனரியும் அதே நியூ ஆர்லியன்ஸில் தனியாகப் பதவியேற்பு நடத்திக்கொண்டார். ஒரே மாநிலத்தில் இரண்டு ஆளுநர், இரண்டு சட்டமன்றம். இந்த இழுபறி காகிதத்தோடு நிற்கவில்லை. அந்த வருடம் ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு, கோல்பாக்ஸ் என்ற ஊரில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவரை ஆயுதக் கும்பல் சூழ்ந்து கொன்றது. சரணடைந்தவர்களையும் விடவில்லை. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் அறுபதிலிருந்து நூற்றைம்பதுவரை கணக்குகள் உண்டு. அந்த மாவட்டத்தில் எந்த ஆளுநரின் ஆட்கள் பதவியில் உட்காருவது என்பதுதான் சண்டைக்குக் காரணம்.

இப்போது உங்கள் கேள்வியின் மற்ற பாதி, அப்புறம் ஏன் காணாமல் போனார் என்பது. 1872 தேர்தலில் பிரதிநிதிகள் அவைக்கு அவர் ஜெயித்ததாக அறிவிப்பு வந்திருந்தது. 1873 ஜனவரியில், கெல்லாக் தரப்புச் சட்டமன்றம் அவரை அமெரிக்க செனட்டுக்கும் தேர்ந்தெடுத்தது (அப்போதெல்லாம் செனட்டரைத் தேர்ந்தெடுப்பது மக்கள் இல்லை, மாநிலச் சட்டமன்றம்). ஒரே மனிதர் கையில் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளுக்கும் சான்றிதழ்! இரண்டிலும் வழக்கு. பிரதிநிதிகள் அவை அவர் எதிராளி ஷெரிடனுக்கு இடத்தைக் கொடுத்தது, அதுவும் அந்த அவையின் காலம் முடியும் தறுவாயில். செனட் மூன்று வருடம் இழுத்தடித்து, 1876 மார்ச் 8 அன்று 32க்கு 29 என்று கதவைச் சாத்தியது. சொந்தக் கட்சியிலேயே சிலர் எதிராக ஓட்டுப் போட்டார்கள். அவரைத் தேர்ந்தெடுத்த சட்டமன்றமே செல்லுமா என்பது வெளியே சொன்ன காரணம். செனட்டர்களின் மனைவிகள் திருமதி பிஞ்ச்பேக்கோடு விருந்தில் சமமாக உட்கார விரும்பவில்லை என்று வாஷிங்டனில் பேச்சு இருந்தது. காத்திருந்த காலத்துக்குச் சம்பளமாக 16,000 டாலருக்கு மேல் கொடுத்து அனுப்பினார்கள்.

அவர் கை சுத்தமா என்றும் யாராவது கேட்பார்கள். சுத்தம் என்று சொல்ல மாட்டேன். நகரப் பூங்காவுக்கு நிலம் வாங்கும் ஆணையத்தில் உறுப்பினராக இருந்துகொண்டே அந்த நில பேரத்தில் லாபம் பார்த்தார். அந்த லாபத்தில் தன் பங்கை அமுக்கிவிட்டார் என்று கூட்டாளி ஆன்டுவானே புகார் சொன்னார். இந்த ஆன்டுவான்தான் பிறகு கெல்லாக்குக்குத் துணை ஆளுநர். ஆனால் பக்கத்திலேயே, வார்மத் வருடத்துக்கு 8,000 டாலர் சம்பளத்தில் இருந்துகொண்டு பெரும் பணக்காரரான கதையையும் வையுங்கள். அன்றைய லூசியானாவில் எல்லாக் கட்சியிலும் இதுதான் நடப்பு. பிற்கால வெள்ளைக்கார வரலாற்றாசிரியர்கள் ஊழலை மட்டும் கறுப்பினத்தவர் கணக்கில் எழுதிவைத்தார்கள். அதைப் படித்துவிட்டு அவரைத் திட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

1877இல் மத்திய ராணுவம் ஒதுங்கியது, ஜனநாயகக் கட்சியின் பிரான்சிஸ் நிக்கல்ஸ் ஆளுநரானார். பிஞ்ச்பேக் கடைசிவரை நின்று சண்டை போடவில்லை. நிக்கல்ஸை ஏற்றுக்கொண்டார், மாநிலக் கல்வி வாரியத்தில் இடம் பெற்றார். தன் ஆட்களிடமே துரோகி என்று பேர் வாங்கினார். 1879இல் வெள்ளைக்காரர்கள் பெரும்பான்மையாக இருந்து மறுபடி அரசியல் சட்டம் எழுதினார்கள், அந்த மாநாட்டிலும் பிஞ்ச்பேக் உறுப்பினர். அவர் பாடுபட்டுக் கொண்டுவந்த 13ஆவது பிரிவு அதில் இல்லை. நிறத்தின் பேரில் தனிப் பள்ளி கூடாது என்று 1868இல் எழுதியிருந்ததும் இல்லை. அதைக் காப்பாற்ற ஓட்டு இல்லை என்று அவருக்குத் தெரியும். டி.டி. அல்லெயின், ஹென்றி டீமாஸ் ஆகிய இருவரோடு சேர்ந்து வேறொன்றை வாங்கினார்: கறுப்பின மாணவர்களுக்கு அரசுப் பணத்தில் ஒரு பல்கலைக்கழகம். 1880இல் நியூ ஆர்லியன்ஸில் சதர்ன் பல்கலைக்கழகம் பிறந்தது அப்படித்தான். 1914இல் பேட்டன் ரூஜ் பக்கம் இடம் மாறி, இன்றைக்கும் நடக்கிறது.

பிரித்துவைப்பதற்கு அவரே கையெழுத்துப் போட்டார் என்று அன்றே குற்றம் சாட்டினார்கள். நியூ ஆர்லியன்ஸில் பரம்பரையாகச் சுதந்திரமாக இருந்த, பிரெஞ்சு பேசும் கறுப்பினக் குடும்பங்களுக்கு அவர் மேல் இந்தக் கோபம் ஆறவே இல்லை. எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. ஆனால் அன்று வெறும் கையோடு வெளிநடப்புச் செய்திருந்தால் 13ஆவது பிரிவு பிழைத்திருக்காது, பல்கலைக்கழகமும் வந்திருக்காது.

அதன்பின் ஜனாதிபதி ஆர்தர் காலத்தில் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் சுங்க மேற்பார்வை வேலை. ஐம்பதை நெருங்கும் வயதில் சட்டம் படித்து 1886இல் வழக்கறிஞராகப் பதிந்தார். 1890இல் லூசியானா ரயிலில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பெட்டி என்று சட்டம் போட்டது. 13ஆவது பிரிவுக்கு நேர் எதிர். அதே நியூ ஆர்லியன்ஸில் ஹோமர் பிளெஸ்ஸி 1892 ஜூன் 7 அன்று வெள்ளையர் பெட்டியில் ஏறிக் கைதானார். அந்த வழக்கில்தான் 1896இல் உச்ச நீதிமன்றம், தனித்தனியாக வைத்தாலும் சமமாக வைத்தால் போதும் என்று தீர்ப்புச் சொன்னது.

தீர்ப்பு வருவதற்கு முன்பே பிஞ்ச்பேக் குடும்பத்தோடு வாஷிங்டனுக்குக் குடிபோய்விட்டார். அவர் வீட்டில் கொஞ்ச காலம் வளர்ந்த பேரன் ஜீன் டூமர் பிறகு பேர்பெற்ற எழுத்தாளரானார். பிஞ்ச்பேக் 1921 டிசம்பரில் இறந்தார், உடலை நியூ ஆர்லியன்ஸுக்குக் கொண்டுவந்து மெட்டெரி கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அவருக்குப் பின் இன்னொரு கறுப்பினத்தவர் எந்த அமெரிக்க மாநிலத்திலாவது ஆளுநரானது 1990 ஜனவரியில், வர்ஜீனியாவின் டக்ளஸ் வைல்டர். அவர் ஓட்டு வாங்கி ஜெயித்து வந்தவர்.